பயிற்சிக் கோப்பில் பிழை இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வேர்ட், எக்ஸெல், பவர்பாயின்ட் சொல்லித்தரும் இணைய வகுப்புகளைப் பற்றிக் கல்விப் பக்கங்களில் குறிப்பு வரும்போது, எத்தனை மணி நேரம், எத்தனை பாடம், சான்றிதழ் உண்டா என்பதைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். சேர நினைப்பவர் இவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பயிற்சிக்கு எப்படிப்பட்ட கோப்பைக் கொடுக்கிறார்கள்? அதற்கு வரும் பதிலை வைத்தே அந்த வகுப்பு அலுவலக வேலைக்கு உதவுமா, உதவாதா என்று சொல்லிவிடலாம்.

பல வகுப்புகளில் கிடைக்கும் கோப்பில் இருபது வரிசைதான் இருக்கும். எல்லாத் தேதியும் ஒரே வடிவில் இருக்கும், எல்லாப் பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கும். அதில், ஒரு பெயரைத் தேடி அதற்கு நேரே உள்ள விவரத்தை எடுத்துத் தரும் வி-லுக்கப் சூத்திரத்தைப் போட்டால் முதல் தடவையிலேயே விடை வந்துவிடும். பிறகு அலுவலகத்தில், மூன்று பேர் மூன்று விதமாகத் தட்டச்சு செய்த பட்டியலில் அதே சூத்திரத்தைப் போட்டால் நெடுவரிசை முழுக்க, தேடியது கிடைக்கவில்லை என்று பொருள்படும் #என்/ஏ நிற்கும். அதைச் சரிசெய்வதுதான் வேலை. அந்த வேலையை வகுப்பில் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

இந்த #என்/ஏ-வுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கலாம். டிரிம் சூத்திரம் அதை நீக்கிவிடும். ஆனால் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த பட்டியலில் வரும் இடைவெளி வேறு வகை, அதன் குறியெண் 160. டிரிம் அதைத் தொடாது. முதலில் சப்ஸ்டிட்யூட் சூத்திரத்தால் அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டு, அதன்மேல் டிரிம் போட வேண்டும். மற்றொரு காரணம், ஒரு பட்டியலில் எண்ணாக இருப்பது இன்னொன்றில் எழுத்தாக இருப்பது. எழுத்தாகிவிட்ட எண் கட்டத்தின் இடது ஓரத்தில் நிற்கும், மூலையில் சிறிய பச்சை முக்கோணமும் தெரியும். நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா பட்டியில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், எதையும் மாற்றாமல் ஃபினிஷ் அழுத்தினால் பெரும்பாலும் எண்ணாகிவிடும்.

பிழை காட்டுகிற சூத்திரத்தையாவது கவனிப்போம். வி-லுக்கப்பில், முழுப் பொருத்தம் வேண்டுமா தோராயம் போதுமா என்று சொல்லும் நான்காவது உள்ளீட்டை எழுதாமல் விட்டால், பிழையே காட்டாமல் தவறான விடை வரக்கூடும். அப்போது எக்ஸெல் அதை ட்ரூ என்று எடுத்துக்கொள்ளும், பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாக நம்பித் தோராயமாகத் தேடும். பட்டியல் அப்படி அடுக்கப்படாவிட்டால், ஒருவருடைய தொகை இன்னொருவர் பெயருக்கு நேரே வந்து உட்காரும். அந்த இடத்தில் ஃபால்ஸ் அல்லது 0 எழுதும் பழக்கம் முதல் நாளே வர வேண்டும். இதே வேலையைச் செய்யும் புதிய சூத்திரமான எக்ஸ்-லுக்கப்பில் இந்தத் தொல்லை இல்லை, அது தானாகவே முழுப் பொருத்தத்தைத்தான் தேடும். ஆனால் எக்ஸெல் 2016, 2019 பதிப்புகளில் எக்ஸ்-லுக்கப் கிடையாது. பயிற்றுநர் புதிய பதிப்பில் காட்ட, மாணவர் பழைய பதிப்பில் அதைத் தேடிக்கொண்டிருப்பது இணைய வகுப்பில் அடிக்கடி நடக்கிறது. யாரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று தொடங்கும் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளும் வகுப்பு நம்பத்தக்கது.

தேதிக்கு ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்கலாம், அவ்வளவு சங்கதி இருக்கிறது. விண்டோஸ் எக்ஸெல் வழக்கமாகத் தேதியை எண்ணாகத்தான் சேமிக்கிறது. 1900 ஜனவரி 1-க்கு எண் 1. 2024 ஜனவரி 1-க்கு எண் 45292. இது தெரிந்தால் இரண்டு தேதிகளைக் கழித்தால் ஏன் நாள்கணக்கு வருகிறது என்பதும், தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஏன் ஐந்து இலக்க எண் நிற்கிறது என்பதும் விளங்கும். பெரிய ஆபத்து நாள்-மாதம் இடம் மாறுவது. மாதத்தை முதலில் எழுதும் அமைப்புள்ள கணினியில், நாள் முதலில் வரும்படி எழுதிய, காற்புள்ளியால் விவரங்களைப் பிரிக்கும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வி கோப்பைத் திறந்தால் 05/06 என்பது சத்தமில்லாமல் மே 6 ஆகிவிடும். 13/06 மட்டும் எழுத்தாகவே இடது ஓரம் நிற்கும், ஏனென்றால் 13-வது மாதம் கிடையாது. ஆக ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதி, பாதி தேதியே அல்லாதது. எண்தானா என்று பார்க்கும் இஸ்நம்பர் சூத்திரம் போட்டுச் சோதித்தால் இரண்டாவது வகைதான் மாட்டும், புரண்டுபோன தேதிகள் தப்பிவிடும். கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், டேட்டா பட்டியில் ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாக உள்ளே கொண்டுவந்து, எந்த வடிவத் தேதி என்று நாமே சொல்ல வேண்டும். அல்லது தேதிகளை எழுத்தாகவே உள்ளே எடுத்து, டெக்ஸ்ட் டு காலம்ஸின் மூன்றாம் படியில் டேட் என்பதற்கு நேரே டிஎம்ஒய் (நாள், மாதம், ஆண்டு) தேர்வு செய்யலாம். புரண்ட பிறகு சேமித்துவிட்டால் மூலக் கோப்புக்குத்தான் திரும்ப வேண்டும்.

எக்ஸெல் தானாகத் தேதியாக்கும் வழக்கம் அறிவியல் உலகத்தையே வளைத்திருக்கிறது. மார்ச்1, செப்ட்1 போன்ற மனித மரபணுப் பெயர்கள் அட்டவணைகளில் தேதிகளாக மாறிக்கொண்டே இருந்ததால், பெயர்களை முறைப்படுத்தும் சர்வதேசக் குழு அந்தப் பெயர்களையே மாற்றி, 2020-இல் அதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

நீண்ட எண்களும் இப்படித்தான். எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் மறைந்துவிடும். பிற்பாடு கட்டத்தை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றினாலும் போன இலக்கம் வராது, எண்ணை உள்ளிடும் முன்பே மாற்ற வேண்டும். தமிழில் இருக்கும் சிஎஸ்வி கோப்பு குப்பை எழுத்துகளாகத் திறந்தாலும் பதற வேண்டியதில்லை. அதையும் ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாகக் கொண்டுவந்து, ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோட் (யூடிஎஃப்-8) என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் சரியாகிவிடும்.

கோப்பு வகையைப் பற்றிப் பல வகுப்புகள் வாயே திறப்பதில்லை. பழைய எக்ஸ்எல்எஸ் வகையில் 65,536 வரிசைகள்தான் அடங்கும், புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் 10,48,576. இங்கிலாந்தில் 2020-இல் 15,841 கொரோனா தொற்று முடிவுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டதற்கு, பழைய வகைக் கோப்பில் வரிசைகள் தீர்ந்துபோனதே காரணமாகச் சொல்லப்பட்டது. தொற்றியவரோடு பழகியவர்களைத் தேடும் பணி அதனால் தாமதமானது. ‘சேவ் ஆஸ்’ பெட்டியில் வகையைப் பார்த்துச் சேமிக்கச் சொல்லித்தருவது சின்னப் பாடமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வேர்டில், தலைப்பு, பத்தி போன்றவற்றுக்கான ஆயத்தத் தோற்றங்களான ஸ்டைல்ஸ் முதலில் வர வேண்டும். தலைப்பைக் கையால் தடிமனாக்காமல் ஹெடிங் 1 கொடுத்தால்தான் பொருளடக்கம் தானாக உருவாகும். பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம் ஆக்கித் தரும் மெயில் மெர்ஜ் அலுவலகத்தில் மிகவும் பயன்படுவது, வகுப்புகளில் அரைகுறையாக விடப்படுவது. எக்ஸெலில் ஒழுங்காக இருந்த தேதி கடிதத்தில் மாதம் முன்னால் வந்து நிற்கும். ஆல்ட் விசையுடன் எஃப்9 அழுத்தினால் புலக் குறியீடு, அதாவது பட்டியலிலிருந்து விவரம் வந்து விழும் இடத்தின் குறியீடு, தெரியும். புலப்பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, பின்சாய்கோடு, அட் குறி, பிறகு மேற்கோள் குறிகளுக்குள் இரண்டு டி, சாய்கோடு, இரண்டு எம், சாய்கோடு, நான்கு ஒய் என்று எழுத வேண்டும். எம் பெரிய எழுத்தாக இருப்பது கட்டாயம், சிறிய எம் நிமிடத்தைக் குறிக்கும். மீண்டும் ஆல்ட்-எஃப்9 அழுத்திப் பழைய தோற்றத்துக்கு வந்து, முன்தோற்றத்தைப் புதுப்பித்துப் பார்க்கலாம். நேராக அச்சுக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பாமல், எடிட் இன்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ் கொடுத்துத் தனிக் கோப்பாக்கிச் சரிபார்க்க வேண்டும். பட்டியலின் அடியில் காலி வரிசைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் பெயரில்லாத கடிதங்கள் கடைசியில் வந்திருக்கும்.

பவர்பாயின்டில், எல்லா ஸ்லைடுகளின் தோற்றத்தையும் ஒரே இடத்தில் அமைக்கும் ஸ்லைடு மாஸ்டரைச் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. அசைவூட்டத்துக்கு இரண்டு வகுப்பு செலவழிப்பது வீண்.

இனி வகுப்பு நடக்கும் விதம். ஒரே திரையில் வகுப்பையும் பார்த்து, வேலையையும் செய்ய முடியாமல்தான் பலர் வெறும் பார்வையாளர் ஆகிவிடுகிறார்கள். கைபேசியில் வகுப்பைப் பார்த்துக்கொண்டு கணினியில் செய்வது நல்ல ஏற்பாடு. ஒரு கணினிதான் என்றால் விண்டோஸ் விசையுடன் இடது அம்பை அழுத்தி ஒரு சாளரத்தைப் பாதித் திரைக்கு ஒதுக்கலாம். கைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு கற்பது சரிவராது, அதிலுள்ள வேர்ட் செயலியில் மெயில் மெர்ஜ் கிடையாது. பயிற்றுநரும் தாளை 150 சதவீதமாவது பெரிதாக்கிக் காட்ட வேண்டும், அழுத்தும் விசையை வாயால் சொல்ல வேண்டும். திரையில் சுட்டி ஓடுவதைப் பார்த்து யாரும் குறிப்பெடுக்க முடியாது. பதினைந்து நிமிடம் காட்டிவிட்டு, தான் பேசாமல் அதைவிட அதிக நேரம் மாணவர்களைச் செய்யவிடுவதுதான் நல்ல கணக்கு.

தொடக்கத்தில் வரும் இடறல்களை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி நேரம் மிச்சம். பதிவிறக்கிய கோப்பு மேலே மஞ்சள் பட்டையோடு திறந்தால் எனேபிள் எடிட்டிங் அழுத்தும்வரை எதையும் மாற்ற முடியாது. பகிரப்பட்ட கூகுள் ஷீட் பார்வைக்கு மட்டும் என்றிருந்தால், அனுமதி கேட்டுக் காத்திருக்காமல் ஃபைல் பட்டியில் மேக் எ காப்பி கொடுக்கலாம். சில கணினிகளில் சூத்திரத்தின் உள்ளீடுகளுக்கு இடையே காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட வேண்டியிருக்கும், அது அந்தக் கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. அரட்டைப் பெட்டியில் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் பயிற்றுநரால் உதவ முடியாது. எந்தப் பதிப்பு, போட்ட சூத்திரம் எது, வந்த பிழை எது என்று எழுதி, விண்டோஸ்-ஷிஃப்ட்-எஸ் அழுத்தி எடுத்த திரைப்பிடிப்பையும் சேர்க்கப் பழக்க வேண்டும்.

வருகைப் பதிவை வைத்துக் கொடுக்கும் சான்றிதழ் எதையும் காட்டாது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் ஸ்பெஷலிஸ்ட் தேர்வில் மென்பொருளைத் திறந்து வேலையைச் செய்துகாட்டத்தான் சொல்கிறார்கள். இணைய வகுப்புகளும் அப்படிச் செய்ய முடியும். மாணவர் அனுப்பும் கோப்பைத் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையை அழுத்தினால் விடைகள் மறைந்து சூத்திரங்கள் தெரியும். விடையைக் கையால் தட்டியவர் யார், சூத்திரம் எழுதியவர் யார், கட்டத்தின் முகவரி நகராமல் நிறுத்தும் டாலர் குறியைப் போடாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தவர் யார் என்பது உடனே விளங்கிவிடும். ஒரு கோப்புக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும்.

இனி இத்தகைய வகுப்புகளைப் பற்றி எழுதும்போது எந்தப் பதிப்பில் நடத்துகிறார்கள், லிப்ரெ ஆஃபீஸ் போன்ற இலவச மென்பொருள் வைத்திருப்பவரும் சேரலாமா, மாணவர் செய்த கோப்பை யாராவது திறந்து பார்த்துத் திருத்தம் சொல்கிறார்களா என்பதையும் கேட்டு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அலுவலக மென்பொருள் பயிற்றுநர் ஒருவர்