மகளுக்கு: அந்த மைனிங் மெஷின்களை என்ன செய்வது?

வெள்ளவத்தை, கொழும்பு 06

அன்பு மகள்,

நாங்கள் எல்லாரும் சுகம். சின்ன அறையில் நீ விட்டுப்போன மைனிங் சாமான்களை, அதாவது கணக்குப் போட்டுப் பிட்கொயின் போன்ற இணையக் காசு சம்பாதிக்கிற மெஷின்களை, இனியும் வைத்திருப்பதில் பிரயோசனம் இருக்கா என்று கேட்டிருந்தாய். பிட்கொயினுக்கென்றே செய்த எஸ்9 இரண்டு, ஆறு கிராபிக்ஸ் கார்ட் பூட்டிய அந்த இரும்புச் சட்டம், உள்ளங்கை அளவு பிட்கொயின் மெஷினான பிட்ஆக்ஸ் என்று மூன்று வகை இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே பதில் இல்லை. நீ கணக்கைப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாய் என்பதால் கணக்கோடேயே எழுதுகிறேன்.

எஸ்9 2016இல் வந்த மெஷின். ஒன்றின் வேகம் 13.5 டெரா ஹாஷ் (ஒரு டெரா என்றால் செக்கனுக்கு ஒரு இலட்சம் கோடி கணக்கு முயற்சி), சுவரிலிருந்து இழுப்பது 1350 வொட் அளவு. நாள் முழுக்க ஓடினால் 32.4 யுனிட், மாதம் 972 யுனிட். இந்த யுனிட்டுக்கு என்ன விலை போடுவது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். கரண்ட் பில்லின் மொத்தக் காசை மொத்த யுனிட்டால் பிரித்துச் சராசரி எடுக்கிறார்கள். இங்கே வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிற கட்டணம். பிரிட்ஜ், பான், லைட், தண்ணி மோட்டர் எல்லாம் கீழ்ப்படிகளை ஏற்கெனவே நிரப்பிவிடும். மெஷின் இழுப்பது அநேகமாக எல்லாம் மேல்படியில்தான் போய் விழும். ஆகவே பில்லில் 180 யுனிட்டுக்கு மேற்பட்ட படிக்கு என்ன விலை போட்டிருக்கிறதோ அதுதான் மெஷினின் விலை. கணக்குக்கு 60 ரூபா என்று வைப்போம். ஒரு எஸ்9 ஒரு நாளைக்கு 1944 ரூபா கரண்ட் தின்னும்.

வரவைப் பார். பிட்கொயின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை, அதாவது ஒரு புளொக்கை, முடிக்கிற மெஷினுக்குப் பரிசு உண்டு; நாலு வருடத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். 2024 ஏப்ரல் பாதியாக்கத்துக்குப் பிறகு ஒரு புளொக்குக்கு 3.125 பிட்கொயின். நாளுக்குச் சராசரி 144 புளொக், ஆக உலகம் முழுக்க 450 பிட்கொயின். அதைப் பங்கு போடுகிற மெஷின்களின் மொத்த வேகம் 2025இல் 1000 எக்ஸா ஹாஷை, அதாவது நூறு கோடி டெராவை, தொட்டுவிட்டது. அந்த அளவை வைத்துப் பிரித்தால் ஒரு எஸ்9க்கு வருவது நாளுக்கு 600 சட்டோஷி சொச்சம் (பத்துக் கோடி சட்டோஷி சேர்ந்தால் ஒரு பிட்கொயின்). ஒரு பிட்கொயின் ஒரு இலட்சம் டொலர், டொலர் 300 ரூபா என்று தாராளமாகவே போட்டாலும் 182 ரூபா. 1944 கொடுத்து 182 வாங்குவது. யுனிட் ஐந்தரை ரூபாவுக்குக் கிடைத்தால்தான் கைக்கும் வாய்க்கும் சரி.

பிட்கொயின் விலை ஏறும், அதுவரை ஓட்டுவோம் என்று உன் கூட்டாளிகள் சொல்வார்கள். விலை மூன்று மடங்கானாலும் வரவு 550 ரூபாவைத் தாண்டாது. அதோடு, விலை ஏறினால் உலகத்தில் மூடி வைத்த மெஷினெல்லாம் திரும்ப ஓடத் தொடங்கும். எவ்வளவு வேகம் ஓடுகிறது என்று பார்த்து 2016 புளொக்குகளுக்கு ஒரு தடவை கணக்கின் கடினம் திருத்தப்படுகிறபடியால் உன் பங்கு சுருங்கும். 2028இல் அடுத்த பாதியாக்கம் வேறு வருகிறது. பிட்கொயின் ஏறும் என்று நம்பினால் அந்தக் கரண்ட் காசைச் சேமித்து வை, மெஷினுக்குக் கொடுக்காதே.

பிரெய்ன்ஸ் மென்பொருளைப் போட்டு வோல்டேஜைக் குறைத்தால் ஒரு டெராவுக்கு 75 வொட் வரைக்கும் இறக்கலாம். 10 டெராவை 750 வொட்டில் ஓட்டினால் நாளுக்கு 18 யுனிட், 1080 ரூபா. வரவு 135. நட்டம் குறைகிறதே தவிர இலாபம் இல்லை. புது மெஷின் வாங்கலாமா என்று யோசிக்கிறாய் என்றால் அதையும் பார்த்துவிடு. 95 டெரா எஸ்19 ஒன்று 3250 வொட், நாளுக்கு 78 யுனிட், 4680 ரூபா. வரவு 1280. அதுவும் 14 அம்பியர் இழுக்கும், தனி லைன் போட வேண்டும். கூரையில் சோலார் போட்ட வீட்டுக்காரர் கரண்ட் சும்மா தானே என்பார்கள். சும்மா இல்லை. அந்த யுனிட்டை மின்சாரம் விநியோகிப்பவர்களுக்கு விற்றால் கிடைக்கிற விலைதான் அதன் பெறுமதி, அது ஐந்தரை ரூபாவுக்கு எவ்வளவோ மேலே. இருட்டினால் சோலாரும் இல்லை.

காசுக் கணக்குக்கு வெளியே கொழும்பின் கணக்கு ஒன்று இருக்கிறது. 1350 வொட் இழுக்கிற மெஷின் 1350 வொட் சூட்டை அறைக்குள்ளே கொட்டும். அதை ஏசி போட்டு வெளியேற்ற இன்னொரு 400 வொட்டாவது போகும். கதவைத் திறந்து வைத்தால் கடல் காற்று. மெரின் டிரைவ் பக்கத்து வீடுகளில் யன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று உனக்குத் தெரியும்; அதே உப்பு ஈரம்தான் மெஷினுக்குள்ளே சிப் பூட்டிய ஹாஷ் போர்டிலும் படிகிறது. எஸ்9இன் விசிறி நிமிடத்துக்கு 6000 சுற்று வரைக்கும் போகிறது, காற்றோடு தூசியையும் உப்பையும் இழுத்து, சிப்பின் சூட்டை இறக்குகிற ஹீட் சிங்க் தகடுகளின் இடுக்குகளில் அடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வரை சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். நிறுத்தி மாதக்கணக்கில் மூலையில் வைத்தால்தான் ஈரம் அந்தத் தூசியில் ஊறி, ஆறு பின் கனெக்டர்களின் அடியில் பச்சையாய்ப் பூக்கும். உன்னுடைய இரண்டில் ஒன்றில் நடுப் போர்டின் கனெக்டர் ஓரத்தில் அந்தப் பச்சை தெரிகிறது. மற்றது பார்வைக்குச் சுத்தம்.

ஆகவே யாரும் வந்து "ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ" என்றால் உடனே பிளக்கில் செருகக் கூடாது. முதலில் மெஷினை மெதுவாக அங்கும் இங்கும் சரிக்க வேண்டும். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் ஒட்டியிருந்த ஹீட் சிங்க் ஒன்று கழன்றிருக்கிறது. அப்படியே கரண்ட் கொடுத்தால் அது இரண்டு சிப்புக்குக் குறுக்கே கிடந்து போர்டைச் சுட்டுவிடும். பிறகு முன் விசிறியைக் கழற்றி, ரிப்பன் வயர் மூன்றையும் எடுத்து, போர்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, காற்று அடித்துத் தூசியை எடுக்க வேண்டும். விசிறியோடு சேர்த்துக் காற்று அடித்தால் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்வது முக்கியம். பச்சை பிடித்த இடத்தை 99 வீத ஐசோபுரோப்பைல் அல்கஹோலும் மெல்லிய பிரஷும் கொண்டு துடைத்து, முழுக்கக் காய விட வேண்டும். தண்ணீர் கிட்டவும் போகக் கூடாது.

ஒரு போர்டில் 63 சிப். மூன்று போர்டுக்கும் கன்ட்ரோல் போர்டுக்குமாகப் பத்து ஆறு பின் பிளக் ஏறுகிறது. ஒன்று தளர்வாக இருந்தாலும் தொடுகை சூடேறி பிளாஸ்டிக் உருகும். ஆகவே ஒவ்வொன்றும் 'க்ளிக்' என்று உட்காருகிறதா என்று பார். ஓட விட்டபின் நிலைப் பக்கத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் நேரே 63 என்று வர வேண்டும். வட்டக் குறி நல்ல சிப், பெருக்கல் குறி கெட்டது. சிக்னல் ஒரு சிப்பிலிருந்து அடுத்த சிப்புக்குத் தொடராகப் போவதால், நடுவில் ஒன்று செத்தாலும் போர்டு முழுக்கப் பூச்சியம் காட்டக்கூடும். அதைத் திருத்த இங்கே செலவழிக்கிற காசு திரும்பி வராது.

இன்னொன்று, ட்ரிப் சுவிட்ச். மெஷினுக்குக் கரண்ட் மாற்றிக் கொடுக்கிற பவர் சப்ளைகளின் உள்ளே இருக்கிற வடிகட்டி எர்த் வயர் வழியே எப்போதும் கொஞ்சம் கசிய விடும். இரண்டு மூன்று சப்ளையும், பிரிட்ஜும், கொம்பியூட்டரும் ஒரே 30 மில்லி அம்பியர் ட்ரிப்பில் இருந்தால் காரணமே தெரியாமல் வீடு முழுக்க இருட்டாகும். அதற்காக எர்த் பின்னை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான வேலை, ஒருபோதும் செய்யாதே, யாரும் சொன்னாலும் கேட்காதே.

என் முடிவு: எஸ்9 இரண்டும் போகட்டும். சுத்தமானதை இக்மன் விளம்பரத் தளத்தில் போடலாம், ஆனால் "வருமானம் வரும்" என்ற வார்த்தை விளம்பரத்தில் இருக்கக் கூடாது. வாங்க வருகிறவருக்கு மேலே எழுதிய 1944, 182 கணக்கைக் காட்டித்தான் கொடுப்பேன். பழுதானதில் விசிறிகளையும் சப்ளையையும் கழற்றி வைக்கலாம். அந்த ஏபிடபிள்யூ3 சப்ளை 12 வோல்ட்டில் 1600 வொட் வரை கொடுக்கிற நல்ல சாமான், பட்டறை வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்குவார்கள். ஆனால் அதற்கு சுவிட்ச் கிடையாது, பிளக்கைச் செருகியதும் உயிர் வந்துவிடும். 12 வோல்ட் தானே என்று இரண்டு வயர் முட்டினால் 130 அம்பியர் பாயும், வயர் சிவந்து எரியும். எடுக்கிற ஒவ்வொரு லைனுக்கும் பியூஸ் போட்டுத்தான் பாவிக்க வேண்டும். மிஞ்சுகிற போர்டுகளைக் குப்பையில் போடாமல், சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி உள்ள இலத்திரனியல் கழிவுக்காரரிடம் கொடுப்போம்.

கனடாக் குளிருக்கு ஹீட்டராகப் பாவிக்கலாம், அனுப்புங்கோ என்று நீ கேட்கக்கூடும். யோசனை பிழையில்லை. மின் ஹீட்டரில் எரிக்கிற அதே கரண்ட் அதே சூட்டைத் தரும், சில சட்டோஷியும் மிஞ்சும். ஆனால் உன் வீட்டுச் சாதாரண பிளக் 120 வோல்ட், அதில் அந்த சப்ளை 1200 வொட்தான் கொடுக்கும், எஸ்9 முழு வேகத்தில் ஓடாது. சத்தமோ 75 டெசிபெல், வாக்குவம் கிளீனர் ஓயாமல் ஓடுகிற மாதிரி. விமானக் கூலியும் சேர்த்தால் அங்கேயே பழையது ஒன்று வாங்குவது மலிவு.

கார்ட் சட்டத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 2022 செப்டெம்பரில் எதீரியம் மைனிங்கைக் கைவிட்டதோடு அதன் கதை முடிந்தது. ஆர்எக்ஸ் 580 எட்டு ஜிபி கார்டுகள் இன்னும் விளையாட்டுக்கு நல்லவை. விற்க முதல் நீ மைனிங்குக்காக மாற்றிப் போட்ட பயோஸை (கார்டின் உள் மென்பொருளை) எடுத்துப் பழையதைத் திரும்ப ஏற்ற வேண்டும். அந்தப் பழைய பயோஸ் கோப்புகள் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று எழுது. தெர்மல் பேஸ்டும் மாற்றிவிட்டு யூனிட்டி பிளாசாவில் இரண்டு மூன்று கடையில் விலை கேட்கலாம். டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கிற சாட்டா பிளக்கில் பூட்டிய ரைசர் வயர்களை (கார்டைக் கொம்பியூட்டரோடு இணைப்பவை) மட்டும் யாருக்கும் கொடுக்காதே. சாட்டா பிளக் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வொட், ரைசர் வழியாகக் கார்ட் 66 வொட் வரை இழுக்கும். உன்னுடைய இரண்டு வயர் ஏற்கெனவே கபில நிறமாகிவிட்டது. வெட்டிப் போடுகிறேன்.

பிட்ஆக்ஸை வைத்திரு. ஒரு சிப், 1.2 டெரா, 18 வொட். மாதம் 13 யுனிட், மேல்படி விலையில் 780 ரூபா. வரவு நாளுக்கு 54 சட்டோஷி, மாதம் 490 ரூபா அளவு. மற்றவர்களோடு சேர்ந்து பங்கு பிரிக்காமல் தனியே சோலோ பூலில் விட்டால் ஒரு புளொக் விழச் சராசரி 16,000 வருடம். சின்ன மெஷினுக்கு முழுப் புளொக் விழுந்ததென்று இடைக்கிடை வருகிற செய்தி பொய்யில்லை, ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. பிட்கொயின் எப்படி வேலை செய்கிறது என்று கையால் தொட்டுப் படிக்க இதைவிட நல்ல சாமான் இல்லை, அதற்காகத்தான் வைத்திருக்கச் சொல்கிறேன். இங்கே ஓட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. எங்கள் பில் 170 யுனிட்டில் நிற்கிற மாதம் இந்த 13 சேர்ந்தால் 180ஐத் தாண்டும், மாறாக் கட்டணமும் சேர்ந்து ஏறும். ஆகவே உன் மச்சான் அடுத்த மாதம் வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

அங்கே போடும்போது ஒன்றைக் கவனி. அதற்கு வேண்டியது 5 வோல்ட், 6 அம்பியர் அடப்டர். ரவுட்டரோடு வருகிற 12 வோல்ட் அடப்டரின் முனையும் பலவேளை அதே அளவு, அச்சொட்டாக உட்காரும், செருகிய கணமே போர்டு செத்துவிடும். நல்ல அடப்டரில் பச்சை டேப் ஒட்டி அனுப்புகிறேன், வேறெதையும் செருகாதே. வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டும்தான் பிடிக்கும். 525 மெகாஹேர்ட்ஸ், 1150 மில்லிவோல்ட் என்ற அமைப்பை மாற்றாமல் விடு, சிப் 65 பாகைக்குக் கீழே நிற்கட்டும்.

இதெல்லாவற்றையும் விட எனக்குக் கவலை உன் பிட்கொயின் வொலட். பலர் சேர்ந்து மைனிங் செய்து பங்கு பிரிக்கிற பூலிலிருந்து துளித்துளியாக வந்த காசு அந்தப் பழைய முகவரியில் நூற்றுக்கணக்கான சின்னத் துண்டுகளாகக் கிடக்கிறது. 1 என்ற இலக்கத்தில் தொடங்குகிற பழைய வகை முகவரியில் ஒரு துண்டைச் செலவழிக்க 148 பைட். அனுப்புகிற கட்டணம் பைட்டுக்கு 50 சட்டோஷி போகிற நாளில் ஒரு துண்டுக்கே 7400 சட்டோஷி, துண்டின் பெறுமதியை விடக் கூட. கட்டணம் ஒன்று, இரண்டு சட்டோஷிக்கு இறங்கி நிற்கிற நாளில் எல்லாவற்றையும் உன் புது முகவரி ஒன்றுக்கே ஒரே அனுப்பலில் சேர்த்துவிடு. வொலட்டைத் திறக்கிற அந்த 24 இரகசியச் சொற்களை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பாதே, படமும் எடுக்காதே. இங்கிருந்து விற்கவும் பார்க்காதே. மத்திய வங்கி மைனிங்குக்கோ மாற்று நிலையத்துக்கோ யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று 2021இலேயே அறிவித்திருக்கிறது, வங்கி அட்டையாலும் வாங்க முடியாது. காசு தொலைந்தால் போய் முறையிட இங்கே இடமில்லை.

விற்க முதல் எஸ்9களின் பூல் பக்கத்தில் உள்ள உன் பெயரையும் முகவரியையும் நான் அழிப்பேன். நீ எனக்கு எழுத வேண்டியது பயோஸ் கோப்பு உள்ள டிஸ்க் எது, எஸ்9களின் கடவுச்சொல்லை மாற்றினாயா, கார்டில் ஒன்றை உன் தம்பிக்கு விடலாமா என்ற மூன்றும்தான். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
அம்மா