மெக்கானிக்கல் கீபோர்டு ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நண்பர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் வணக்கம். விசை ஒவ்வொன்றுக்கும் அடியில் தனி ஸ்பிரிங் வைத்த கீபோர்டைத்தான் நாம் மெக்கானிக்கல் கீபோர்டு என்கிறோம். 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார், அதனால் அதற்குள் நான் போகவில்லை.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் ஞாயிறு மாலைகளில் நடந்தன. மழைக்காலத்தில் ஒன்று தள்ளிப்போனது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சால்டரிங், அதாவது ஈயத்தை உருக்கிப் பாகங்களைப் பற்றவைக்கும் பயிற்சி வைத்தோம். ஐபிஎம் மாடல் எம் கீபோர்டைச் சரிசெய்யும் பயிற்சிக்கு எதிர்பார்த்ததைவிட அதிகக் கூட்டம். 1985இல் வந்த அந்தக் கீபோர்டின் உள்ளே, பிளாஸ்டிக் தட்டையும் இரும்புத் தட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை உருக்கி வைத்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் கொண்டைகள்தான். வயதாக ஆக அவை ஒவ்வொன்றாக உடைந்து உள்ளே உருளும், விசைகள் மந்தமாகும். மிச்சம் இருப்பதைச் செதுக்கி எடுத்து, துளை போட்டு, 2 மில்லிமீட்டர் திருகாணிகளை முடுக்கினால் கீபோர்டு பழையபடி கணீரென்று பேசும். பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும் துளையிடும் கருவியைக் கையில் பிடித்துப் பார்த்தார்கள் என்பதில் எனக்குப் பெரிய திருப்தி.

இந்த ஆண்டு முக்கியமாகச் சொல்ல வேண்டியது விருதுகளைப் பற்றி.

இதுவரை நாம் கொடுத்து வந்தது ஒரே விருது. ஆண்டு விழாவில் மேசை மேல் கீபோர்டுகளை வரிசையாக வைப்போம், எல்லோரும் தட்டிப் பார்ப்போம், சீட்டுப் போட்டு ஆண்டின் சிறந்த கீபோர்டைத் தேர்ந்தெடுப்போம். அலுமினியத்தைக் கடைந்தெடுத்த கேஸ், அடியில் பித்தளைப் பட்டை, மாதக்கணக்கில் முன்பணம் கட்டிக் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்த, விசை மேல் மாட்டும் கீகேப் என்று இருப்பதுதான் பெரும்பாலும் ஜெயிக்கும். அவை அழகானவை, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் பத்து பேருக்குச் சால்டரிங் சொல்லிக்கொடுத்தவர், கூட்டத்துக்கு முன்னாலேயே வந்து மேசை போட்டவர், புதிதாக வந்த மாணவருக்குத் தன் பழைய கீபோர்டைக் கொடுத்து அனுப்பியவர் எல்லோரும் கீழே உட்கார்ந்து கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வாங்கியதற்குப் பரிசு கொடுக்கும் சங்கமாக நாம் ஆகிவிடக் கூடாது என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தது. நானும் அந்தப் பக்கம்தான் நின்றேன்.

மூத்த உறுப்பினர்கள் சிலர் ஒப்பவில்லை. அந்த மேசையைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள், போட்டியை எடுத்துவிட்டால் விழாவே களையிழந்துவிடும் என்றார்கள். நியாயமான பேச்சு. அதனால் மேசை இன்றும் இருக்கிறது, சீட்டு மட்டும் இல்லை. இனி, செய்த வேலைக்குத்தான் விருது. பரிந்துரைக் கடிதத்தில் அந்த நபர் வைத்திருக்கும் கீபோர்டுகளைப் பற்றி ஒரு வரிகூட இருக்கக் கூடாது, அவரால் பயன்பெற்ற ஒருவர் கையெழுத்துப் போட்டு வழிமொழிய வேண்டும் என்று விதி வைத்தோம். விருது பெறுவோரின் பெயர்களைத் தலைவர் மேடையில் அறிவிப்பார். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வது என் வேலை.

முதல் விருது பழுதுபார்ப்புக்கு. நம் ஊரில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பிழைத்த பலருக்கு முதல் மெக்கானிக்கல் கீபோர்டு டி.வி.எஸ். கோல்டுதான். மெக்கானிக்கல் என்ற பெயரெல்லாம் தெரியாமலே அதில் தட்டினார்கள். வங்கியிலும் டிடிபி கடையிலும் அந்த டக் டக் சத்தம் கேட்டே நம்மில் பாதிப் பேர் வளர்ந்தோம். நம்மிடம் பழுதுக்கு வந்தவற்றில் பெரும்பாலும் செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் நீல சுவிட்ச் இருந்தது. நீலத் தண்டைச் சுற்றி வெள்ளை வளையம் ஒன்று தனியாக நகரும். பாதி வழியில் அது துள்ளிக் கீழே அடிப்பதுதான் அந்தச் சத்தம். மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும் விசை, 2 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டியதும் எழுத்தைப் பதிந்துவிடும். எழுத்து பதிந்துவிட்டது என்று பார்க்காமலே விரலுக்குத் தெரிந்துவிடும்.

தூசியும் ஈரமும் சேர்ந்து உள்ளே இருக்கும் தொடுமுனையில் அழுக்குப் பிடித்தால் ஒரு தட்டு இரண்டாகப் பதியும். ஆங்கிலத்தில் எழுத்து இரட்டித்தால் கண்ணில் பட்டுவிடும். தமிழ் 99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் அப்படி இல்லை. ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் நடுவில் தானாகவே புள்ளி வரும் என்பது அந்த அமைப்பின் வசதி. டகர விசை கெட்டுப்போனால் ‘படம்’ ‘பட்டம்’ ஆகும், ‘எடு’ ‘எட்டு’ ஆகும், ‘பாடு’ ‘பாட்டு’ ஆகும். எல்லாமே சரியான சொற்கள், எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த பிறகு இப்படி ஒன்று தெரிந்தால் கடைக்காரர் கதி என்ன என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

விருது பெறுபவர் சனிக்கிழமைகளில் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கத்து டிடிபி கடைகளுக்குப் பையோடு போகிறார். முதலில் சுவிட்சுக்குள் ஒரு சொட்டு ஐசோபுரோப்பில் ஆல்கஹால் விட்டு, விடாமல் தட்டிப் பார்ப்பார். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால்தான் சால்டரிங் இரும்பை எடுப்பார். பழைய ஈயத்தை உறிஞ்சுவதற்கு முன்னால் அதன் மேல் கொஞ்சம் புது ஈயத்தை வைக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் சேர்ந்து இளகி ஒரே இழுப்பில் வரும், இல்லையென்றால் சூடு ஏறி ஏறி பலகையின் செம்புப் பொட்டே பெயர்ந்துவிடும் என்பதை அவரிடம் கற்காதவர் நம்மில் குறைவு. உதிரிப் பாகத்தின் விலையை மட்டும் வாங்கிக்கொள்கிறார். கடைசி விசையைக் கடையில் வேலை பார்ப்பவர் கையால்தான் மாற்ற வைப்பார். வழிமொழிந்து கையெழுத்துப் போட்டவர் அப்படிக் கற்றுக்கொண்ட ஒரு தட்டச்சரே. இப்போது தன் தெருவில் மற்ற கடைகளின் கீபோர்டையும் அவரே பார்க்கிறார்.

இரண்டாவது விருது எழுதி வைத்ததற்கு. தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் புதுக் கீபோர்டு வாங்கியதும் முதலில் கேட்பது, இதற்குள்ளேயே தமிழ் 99ஐப் போட்டுவிட முடியுமா என்பதுதான். க்யூஎம்கே என்ற திறந்த மூல ஃபர்ம்வேர், அதாவது கீபோர்டுக்குள்ளேயே ஓடும், யாரும் மாற்றி எழுதக்கூடிய நிரல் இருப்பதால் எதையும் செய்யலாம் என்று ஒரு நம்பிக்கை. நம் உறுப்பினர் ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் செய்து பார்த்து, தமிழிலேயே ஒரு கையேடு எழுதியிருக்கிறார். கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, எந்த விசை அழுந்தியது என்ற எண்ணை மட்டும் அனுப்புகிறது, அதை எழுத்தாக்குவது கம்ப்யூட்டர் என்பதிலிருந்து தொடங்குகிறார். ஃபர்ம்வேரிலிருந்து யூனிகோடு எழுத்தை அனுப்பலாம், ஆனால் லினக்ஸுக்கு ஒரு வழி, விண்டோஸுக்கு ஒரு வழி, மேக்குக்கு ஒரு வழி. அதோடு தானாகப் புள்ளி வைப்பதற்கு முந்தைய எழுத்து என்ன என்று கீபோர்டு நினைவில் வைத்திருக்க வேண்டும். நடுவில் மவுஸால் வேறு இடத்தில் சொடுக்கினால் அந்த நினைவு பொய்யாகிவிடும், வேண்டாத இடத்தில் புள்ளி விழும்.

இதையெல்லாம் விளக்கிவிட்டு அவர் சொல்லும் யோசனை எளியது. தமிழ் 99 விண்டோஸிலும் மேக்கிலும் உள்ளேயே வருகிறது, எழுத்தை அவற்றிடம் விட்டுவிடுங்கள். மொழி மாற்ற ஒரே விசை, கட்டைவிரலுக்கு எட்டும் பின்னழிப்பு விசை போன்றவற்றுக்கு மட்டும் ஃபர்ம்வேரைப் பயன்படுத்துங்கள் என்கிறார். படித்தவர்களின் எத்தனையோ இரவுகளை இந்தக் கையேடு மிச்சப்படுத்தியிருக்கும்.

கையேட்டின் பின்பகுதி கீகேப் எழுத்துகளைப் பற்றியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ் 99இல் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. அந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இரண்டுக்கும் இரண்டு நிறம் கொடுத்திருக்கிறார். பிபிடி என்ற பிளாஸ்டிக்கில் செய்த கீகேப்பில் சாயத்தைச் சூடாக்கி ஏற்றும்போது கோடுகள் லேசாகப் பரவும். ஔ, ஐ, ண மூன்றும் சிறிய அளவில் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகிவிடுகின்றன. அவர் சுழிகளைத் திறந்து, கோட்டை மெலிதாக்கி மறுபடி வரைந்திருக்கிறார். முதல் வார்ப்பையும் கடைசி வார்ப்பையும் வெளியே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம், அவசியம் பாருங்கள். வரைபடக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார்.

மூன்றாவது விருதுக்குத்தான் அதிக விவாதம் நடந்தது, ஏனென்றால் அதைப் பெறுபவர் நம் சங்கத்தில் இல்லை. தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறவர். மாணவர்களை அரசுத் தேர்வுக்குத் தயார் செய்வதோடு, பயிலகத்தின் தமிழ் டைப்ரைட்டர்களைத் தன் கையாலேயே பராமரிக்கிறார். டைப்ரைட்டருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று குழுவில் சிலர் கேட்டார்கள். எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா 1930களில் தமிழ் டைப்ரைட்டரை வடிவமைத்தபோது, இத்தனை எழுத்தையும் இவ்வளவு குறைந்த விசைகளில் எப்படி அடக்குவது என்று யோசித்தார். நம் கையேட்டுக்காரர் யோசிப்பதும் அதே கணக்கைத்தான். 1955இல் இந்தியாவின் முதல் டைப்ரைட்டரைத் தயாரித்த கோத்ரெஜ் 2009இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி உதிரிப் பாகம் வேண்டுமென்றால் ஓர் இயந்திரத்தைப் பிரித்து இன்னொன்றுக்குப் போட வேண்டியதுதான்.

பயிலகம் நடத்தும் அவர் ஆகஸ்ட் கூட்டத்துக்கு ஓர் இயந்திரத்தையே சுமந்து வந்து காட்டினார். அதில் புள்ளி விசையை அடித்தால் காகிதம் சுற்றிய வண்டி நகராது. முதலில் புள்ளியை அடித்து, அப்புறம் ககரத்தை அடித்தால், அது புள்ளிக்குக் கீழே வந்து உட்கார்ந்து ‘க்’ ஆகும். பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரி மாணவி, தமிழ் 99இல் எழுத்துக்குப் பின்னால்தானே புள்ளி என்று கேட்க, அவர் சிரித்துவிட்டு, ‘இரும்புக்கு அந்த வரிசைதான்மா ஒத்துவரும்’ என்றார். டைப்ரைட்டரில் பழகியவர்கள் புது அமைப்புக்கு மாறத் தயங்குவது ஏன் என்று அன்றுதான் பலருக்கும் விளங்கியது. ஒற்றைக்கொம்பையும் முதலில் அடித்துப் பழகிய விரல் அது. அன்று மாலை இயந்திரத்தைத் தட்டிப் பார்க்க நின்ற வரிசை, எந்த அலுமினியக் கீபோர்டுக்கும் நான் பார்க்காதது.

நான்காவதாக, சிறந்த புதிய வடிவமைப்புக்கு ஒரு விருது அறிவித்திருந்தோம். அதை இந்த ஆண்டு யாருக்கும் கொடுக்கவில்லை. வந்த வடிவமைப்புகள் நன்றாகவே இருந்தன, ஒன்று மிக நன்றாக இருந்தது. ஆனால் எதற்கும் சர்க்யூட் வரைபடமோ கேஸின் அளவுகளோ வெளியிடப்படவில்லை. இரண்டாகப் பிரிந்த எர்கோடாக்ஸ் கீபோர்டு உலகம் முழுக்கப் பரவியது அதன் வரைபடம் திறந்து கிடந்ததால்தான். க்யூஎம்கேயே இன்னொருவர் எழுதிய டிஎம்கே (TMK) என்ற திறந்த நிரலிலிருந்து கிளைத்தது. அப்படிக் கிடைத்ததை எடுத்துப் பயன்படுத்திவிட்டு, நம் பங்குக்கு வரும்போது பூட்டி வைப்பது சரியில்லை என்று குழு கருதியது. விற்பனைக்குச் செய்கிறவர்கள் விற்கட்டும், அதில் தவறில்லை. இந்த விருது மட்டும் பகிர்ந்தவருக்கு. சம்பந்தப்பட்ட உறுப்பினர்களுக்கு இதில் வருத்தம் உண்டு என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் நேரில் பேசினேன். அடுத்த ஆண்டு கோப்புகளோடு வருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார்.

விருதாகக் கேடயம் கிடையாது. தேக்குப் பலகையில் பதித்த ஒரே ஒரு நீல சுவிட்ச், அழுத்தினால் சத்தம் கேட்கும். அதோடு அவரவர் வேலைக்கு வேண்டிய கருவி வாங்க ஒரு சிறு தொகை.

மற்றவை சுருக்கமாக. கூட்டாகச் சுவிட்ச் வாங்கியதில் ஒரு விற்பனையாளர் நீண்ட காலம் இழுத்தடித்தார், பணம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. இனி பொருள் இந்தியாவுக்குள் வந்த பிறகே மீதித் தொகையைக் கொடுப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். ரிச்சி தெருவில் பழைய பொருள் விற்கும் நண்பர்கள் உடைந்த கீபோர்டுகளை எடைக்குப் போடாமல் நமக்காக ஒதுக்கி வைக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. சுவிட்ச் மாதிரிப் பெட்டி இப்போது உறுப்பினர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கக் கிடைக்கும். திருப்பித் தரும்போது நோட்டில் கையெழுத்துப் போடுங்கள்.

கூட்டங்களுக்கு இடம் கொடுத்தவர்களுக்கும், டீயும் வடையும் தவறாமல் பார்த்துக்கொண்ட துணைச் செயலாளருக்கும், பரிந்துரைகளை வாங்கி ஒவ்வொன்றையும் நேரில் விசாரித்த விருதுக் குழுவுக்கும் என் நன்றி. அடுத்த ஆண்டுக்கான பரிந்துரைகளை ஜனவரியிலிருந்து கொடுக்கலாம். படிவம் நுழைவாயில் மேசையில் இருக்கிறது.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்து பொருளாளர் கணக்கைப் படிப்பார், அதன் பின் விருதுகள்.

செயலாளர்