மருந்து இல்லாத நாட்களையும் கணக்கில் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 21,906 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆண்டுதோறும் இத்துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை எண் 19 பேரவைக்கு வரும்போது இந்தத் தொகையும் கூடவே வரும் அறிவிப்புகளும் நாளிதழ்களில் பெரிதாக இடம்பெறுகின்றன. அந்தப் பணம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து கொடுக்கும் சன்னல்வரை வந்து சேர்ந்ததா என்று சொல்லும் கணக்கு மட்டும் மக்கள் கண்ணில் படுவதில்லை. அதற்கான பதிவேடுகள் அரசின் கையில்தான் இருக்கின்றன. அவற்றை மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

வரவு செலவு ஏட்டைப் புரட்டினால் 2210 என்ற தலைப்பில் மருத்துவம், பொதுச் சுகாதாரச் செலவும், 4210-இல் கட்டடம், கருவி போன்ற மூலதனச் செலவும் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு என மூன்று வகை எண்கள். உண்மையில் செலவானது எவ்வளவு என்பதைக் ‘கணக்கு’ என்ற பத்திதான் காட்டும். அது இரண்டு ஆண்டு பிந்தியே வரும். 2025-26இல் செலவான தொகையை 2027-28 ஏட்டில்தான் பார்க்க முடியும். அதிலும் மருத்துவமனை வாரியான விவரம் கிடையாது. திருமங்கலத்துக்கு எவ்வளவு, உசிலம்பட்டிக்கு எவ்வளவு என்று அதில் தேடிப் பயனில்லை.

மருந்துக் கொள்முதலில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியது உண்மை. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்து வழங்குகிறது. லாரியில் வந்திறங்கும் மருந்து உடனே வெளியே போகாது. தனியாக ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் (பேட்ச்) மாதிரி எடுத்து, நிறுவனத்தின் பெயரை மறைத்துக் குறியீட்டு எண் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகே வழங்கல். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டுக்கு இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு அதில் இருக்கும். எடுக்க எடுக்கக் கழிந்துகொண்டே வரும். எந்த மருந்து வேண்டும் என்பதை அந்தந்த மருத்துவமனையே முடிவு செய்துகொள்ளலாம். முறை நல்ல முறை. கோளாறு தேவைப் பட்டியல் போடும் இடத்தில் தொடங்குகிறது.

அடுத்த ஆண்டுக்கான தேவையை, சென்ற ஆண்டு வழங்கிய அளவோடு பத்து சதவீதம் கூட்டிப் போடும் வழக்கம் இருக்கிறது. ஒரு நிலையத்தில் 400 சர்க்கரை நோயாளிகள், ஆளுக்கு நாளொன்றுக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 24,000, ஆண்டுக்கு 2,88,000 மாத்திரை தேவை. இரண்டரை மாதம் இருப்பு இல்லாமல் போனால் வழங்கல் பதிவேட்டில் 2,28,000தான் இருக்கும். பத்து சதவீதம் கூட்டினாலும் 2,50,800. மறு ஆண்டு தொடங்கும் முன்பே 37,200 மாத்திரை குறைகிறது. கிட்டத்தட்ட ஒன்றரை மாத மருந்து. இந்த ஆண்டின் பற்றாக்குறை அடுத்த ஆண்டின் ‘தேவைக் குறைவாக’ மாறிவிடுகிறது. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். சரியான கணக்கு எளிது. வழங்கிய அளவை இருப்பு இருந்த மாதங்களால் மட்டும் வகுக்க வேண்டும். 2,28,000ஐ ஒன்பதரையால் வகுத்தால் 24,000 வந்துவிடும். இதைச் செய்ய இருப்பு இல்லாத நாட்களின் எண்ணிக்கை தெரிந்தாக வேண்டும். அந்த எண்ணிக்கையை மேலே அனுப்பும்படி மாதாந்திர அறிக்கையிலேயே கட்டாயமாகக் கேட்க வேண்டும்.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான ஒன்றும் உண்டு. இருப்பு குறையும்போது 30 நாளுக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையை 15 நாளுக்கோ 10 நாளுக்கோ கொடுத்து அனுப்புவார்கள். மருந்தாளுநரைக் குறை சொல்ல முடியாது. வந்தவர் எல்லோருக்கும் கொஞ்சமாவது கிடைக்கட்டும் என்றுதான் செய்கிறார். பதிவேட்டிலோ இருப்பு ஒருநாள்கூடப் பூஜ்யத்தைத் தொட்டிருக்காது. தினக்கூலிக்குப் போகிறவர் அரைநாள் கூலியை விட்டு மறுபடி வர மாட்டார். வராதவருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது இந்த விடுபடுதலைத் தடுக்கத்தான். வீடு தேடிப் போகும் பையில் முழு மாத மருந்து இருந்தால்தான் அந்த நோக்கம் நிறைவேறும். ஆகவே, கையிருப்பு ஏழு நாள் தேவைக்குக் கீழே இறங்கினாலே அதைப் பற்றாக்குறை நாள் என்று எண்ண வேண்டும்.

கிடங்கில் மருந்து இல்லையென்றால் உள்ளூரில் வாங்கலாம். அதற்குக் கிடங்கின் ‘இருப்பு இல்லை’ சான்று வேண்டும், விலைப்புள்ளிகள் வேண்டும். மொத்த ஒப்பந்த விலையைவிட உள்ளூர் விலை பல மடங்கு ஏறிப்போகும் மருந்துகள் உண்டு. ஒரே வாரத்தில் ஒரே மருந்துக்கு உள்ளூர்க் கொள்முதல் வரம்பைத் தாண்டாமல் மூன்று பட்டியலாக (பில்) பிரித்து வாங்கியிருந்தால் அது தணிக்கையில் நிற்காது. உள்ளூரில் வாங்கவும் பணம் இல்லாதபோது வெளிக்கடையில் வாங்கிக்கொள்ளும்படி எழுதிய வெளிச்சீட்டு நோயாளி கைக்கு வந்துவிடும். அந்தச் செலவு அரசின் எந்தக் கணக்கிலும் ஏறாது. வெளிச்சீட்டு எழுதினால் அதன் நகல் ஒன்று மருந்தகத்தில் இருக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டால் போதும், எந்த மருந்து எங்கே எத்தனை நாள் இல்லை என்பது ஒரே மாதத்தில் துலங்கிவிடும்.

தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கட்டற்ற நிதிக்கு, அதாவது இன்ன செலவுக்கு என்று முன்கூட்டியே கட்டிப்போடாத பணத்துக்கு, வருகிறேன். வழிகாட்டு நெறிப்படி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 1,75,000 ரூபாய், வட்டார அளவிலான சமுதாய நல மையத்துக்கு 5 லட்சம், மாவட்ட மருத்துவமனைக்கு 10 லட்சம். மருத்துவமனை அளவிலான நோயாளர் நலச் சங்கம் கூடி முடிவெடுத்துச் செலவிட வேண்டிய பணம் இது. ஏப்ரலில் வர வேண்டியது பிப்ரவரியில் வந்தால் மார்ச் 31க்குள் என்ன வாங்க முடியும்? நாற்காலியும் சுண்ணாம்பும்தான். ஒழுகும் பிரசவ அறைக் கூரைக்கு மதிப்பீடு போட்டு வேலையை முடிக்க அந்த அவகாசம் போதாது. இன்னொரு சிக்கல், மாவட்டத்திலிருந்து நிலையத்துக்குப் பணம் அனுப்பியதையே ‘செலவு’ என்று எழுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுப்பது. 2021 ஜூலை முதல் மத்திய உதவித் திட்டங்களுக்கு ஒற்றை முகமைக் கணக்கு வந்துவிட்டது. கீழ்நிலைக் கணக்குகளில் பணம் தங்காது, எடுக்கும் வரம்பு மட்டுமே இருக்கும். எந்த நிலையத்துக்கு எந்தத் தேதியில் வரம்பு கொடுத்தார்கள், எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்பது இப்போது பொத்தானை அழுத்தினால் வரும் தகவல். வெளியிடத் தடையாக எதுவும் இல்லை.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. மும்முனை மின்சாரமும் அறையும் தயாராகும் முன் கருவி வந்து இறங்கினால் பெட்டிக்குள்ளேயே உத்தரவாதக் காலம் ஓடிவிடும். ஒப்பந்தத்தில் உத்தரவாதம் ‘நிறுவிய நாளிலிருந்து’ என்று இருக்கிறதா, ‘வழங்கிய நாளிலிருந்து’ என்று இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். பழுதான நாளும் சரிசெய்த நாளும் எழுதிய பதிவேடு இல்லாவிட்டால், பராமரிப்பு நிறுவனத்திடம் அபராதம் பிடிக்க ஆதாரமே இருக்காது.

இவற்றையெல்லாம் கேட்க வேண்டிய அமைப்புகள் இருக்கின்றன. பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு பற்றிய இந்தியத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை 2024 டிசம்பரில் பேரவையில் வைக்கப்பட்டது. மருந்து ஆய்வாளர்கள் குறித்த அளவுக்கு ஆய்வு நடத்தவில்லை என்றும் அது சுட்டிக்காட்டியது. 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்ட ஆலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது தெரியவந்தது. அதைக் குடித்த மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பகுதிக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். ஆய்வுக் குறைவு என்ற ஒரு வரிக்கு என்ன விலை என்று அந்தப் பெற்றோருக்குத் தெரியும். தணிக்கை அறிக்கையின் ஒவ்வொரு பத்திக்கும் துறை என்ன விளக்கம் கொடுத்தது, தணிக்கை அறிக்கைகளை ஆராயும் பேரவையின் பொதுக் கணக்குக் குழு எந்தத் தேதியில் அதை எடுத்துக்கொண்டது என்ற பட்டியல் பேரவை இணையதளத்தில் இருக்க வேண்டும்.

அதுவரை மக்கள் செய்யக்கூடியது ஒன்று. தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் மனு போடலாம். “ஏன் மருந்து இல்லை?” என்று கேட்டால், காரணம் சொல்வது எங்கள் வேலையல்ல என்று பதில் வரும். பதிவேட்டைக் கேளுங்கள்: இன்ன நிலையத்தின் மருந்து இருப்புப் பதிவேட்டில் இன்ன மருந்துக்கான பக்கங்கள், இன்ன மூன்று மாதங்களுக்கு, பாஸ்புக்கின் நகல், உள்ளூர்க் கொள்முதல் பட்டியல்கள், நோயாளர் நலச் சங்கக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. பிரிவு 2(ஜே) பதிவேட்டை நேரில் பார்வையிடவும் உரிமை தருகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நகல் கட்டணம் கட்டுவதைவிட அது மேல். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. நோயாளிகளின் பெயர் உள்ள பக்கங்களைக் கேட்காதீர்கள். அதைக் காட்டியே மனுவை மறுத்துவிடலாம்.

ஒவ்வொருவரும் மனு போட்டுத்தான் இதைப் பெற வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது. அதே சட்டத்தின் பிரிவு 4, கேட்காமலே வெளியிடும் கடமையை அரசுக்கு விதித்திருக்கிறது. முதல் கட்டமாக சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுக்கான இருபது மருந்துகளை எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சென்ற மாதம் அவை எத்தனை நாள் இல்லை என்பதை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் நிலையத்தின் சுவரிலும் துறையின் இணையதளத்திலும் போட வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்திலேயே அந்தப் பட்டியலையும் கட்டற்ற நிதிக் கணக்கையும் மருத்துவ அலுவலர் படிக்க வேண்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்குப் புதிய சட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
மதுரை