ரமலானில் மாணவர் உதவி மையங்கள் திறக்கும் நேரம் மாற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரமலான் நெருங்கியதும் பல்கலைக்கழகங்கள் வாழ்த்துச் சுற்றறிக்கை அனுப்புகின்றன. நல்ல பழக்கம். அதே வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் தேர்வு அட்டவணையில், மாலை ஐந்துக்குத் தொடங்கி ஏழுக்கு முடியும் ஒரு தாளும் இருக்கும். நோன்பு திறக்கும் நேரம் அதன் நடுவில் விழும். யாரும் கெட்ட எண்ணத்தோடு இப்படி வைப்பதில்லை. அட்டவணை போடுபவரின் மேசையில் சூரியன் மறையும் நேரம் எழுதப்பட்ட தாள் இல்லை, அவ்வளவே. மாணவர்களின் கல்வி உதவிப் பணியில் இருக்கும் நாங்கள் கேட்பது சலுகை மதிப்பெண் அல்ல. டியூட்டர் நேரம், பதிவு செய்த வகுப்பு, எழுத்துப் பயிற்சி மையம், ஆலோசகர் சந்திப்பு என்று ஏற்கெனவே இருப்பவற்றை நோன்பிருக்கும் மாணவரால் வந்து பயன்படுத்த முடிகிற நேரத்துக்கு நகர்த்துங்கள், அதையும் மாதம் பிறப்பதற்கு முன்பே செய்யுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

நோன்பு நாள் ஒன்றை மணிக்கணக்கில் பார்த்தால் காரணம் புரியும். காலை ஆறுக்கு உதயம், மாலை ஆறுக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ நாலே முக்காலுக்கு சஹர் (நோன்பு தொடங்குமுன் விடியலுக்கு முன்பு உண்ணும் நேரம்) முடிந்துவிடும். சாப்பிட நான்கு மணிக்காவது எழ வேண்டும். மாலை நோன்பு திறந்து, மஃரிப் என்ற அந்தித் தொழுகையை முடித்து, சாப்பிட்டு நிமிர்வதற்குள் இஷா என்ற இரவுத் தொழுகை வந்துவிடும். ரமலான் இரவுகளின் சிறப்புத் தொழுகையான தராவீஹ் முடிய ஒன்பது, ஒன்பதரை. அதற்குப் பிறகு படிக்க உட்கார்ந்தால் படுக்கப் பதினொன்று. முதல் தூக்கம் ஐந்து மணி நேரம்தான். பஜ்ர் என்ற விடியல் தொழுகைக்குப் பின் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை இன்னும் இரண்டு மணி நேரம் தூங்க முடிந்தால் கணக்கு சரியாகிவிடும். எட்டு மணி வகுப்பு இருக்கும் மாணவர் இழப்பது இந்த இரண்டு மணி நேரத்தைத்தான். நோன்பு என்றதும் எல்லோரும் பசியை நினைக்கிறார்கள். படிப்பைப் பொறுத்தவரை பசியை விடத் தூக்கக் குறைவே பெரிய சிக்கல் என்பது எங்கள் கருத்து.

படிப்பு பாதிக்கப்படுகிறது என்பது வெறும் ஊகமும் அல்ல. நெதர்லாந்துப் பல்கலைக்கழக மாணவர்களின் மதிப்பெண்களை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, பாடக்காலத்துக்குள் ரமலான் ஒரு வாரம் கூடுதலாக விழுந்தால் முஸ்லிம் மாணவர்களின் இறுதி மதிப்பெண் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவதாகக் கண்டது. சராசரி மாணவருக்கு இது சின்ன இறக்கம். தேர்ச்சிக் கோட்டின் ஓரத்தில் நிற்பவருக்கோ உதவித்தொகைக்கான கட்-ஆஃபில் இருப்பவருக்கோ அது ஓர் ஆண்டு வாய்ப்பையே தீர்மானித்துவிடும்.

டியூட்டர் மையங்கள் பெரும்பாலும் பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை திறந்திருக்கும். வகுப்புகள் முடிந்து ஆள் வரும் நேரம் என்பதால் மற்ற மாதங்களில் அது பொருத்தமே. நோன்பு மாதத்தில் உடல் மிகவும் தளர்ந்திருப்பதும் அப்போதுதான். அதில் பாதியைக் காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரைக்கு மாற்றினால் போதும். நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் இரவுக்குத் தள்ளிவிடும் தவறும் நடக்கிறது. இரவு பத்து மணிக்கு ஆன்லைன் வகுப்பு வைத்தால், ஏற்கெனவே குறைந்துள்ள தூக்கத்தில் இன்னும் ஒரு மணி நேரம் போகும். இரவு உதவி வேண்டும் என்றால் வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம், முன்கூட்டியே அனுப்பிய கேள்விகளுக்கு மட்டும் என்று வரம்பு வைப்பது நல்லது. வகுப்புப் பதிவுகளை அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும். நான்கு நாள் கழித்து வரும் பதிவு, அடுத்த இரண்டு வகுப்புகளையும் புரியாமல் ஆக்கிவிடும்.

தேர்வு நேரத்துக்கு வருவோம். நோன்பு மாதத்தில் தேர்வு வைத்தே ஆக வேண்டும் என்றால் காலை பத்து மணி நல்ல தொடக்கம். எட்டு மணி என்றால் இரண்டாவது தூக்கம் போய்விடும். இரண்டு மணி என்றால் சஹரில் குடித்த தண்ணீரின் பலன் தீர்ந்திருக்கும். கணக்கு, நிரலாக்கம் போன்று தொடர்ந்து கவனம் கேட்கும் தாள்களை மாதத்தின் முதல் பாதியில் வைக்கலாம். கடைசிப் பத்து இரவுகளில் பலர் நீண்ட நேரம் விழித்து வணங்குவார்கள். அஸ்தமனத்தைத் தாண்டும் தேர்வைத் தவிர்க்கவே முடியாவிட்டால், கண்காணிப்பாளருக்கான குறிப்பில் அன்றைய அஸ்தமன நேரத்தை நிமிடத்தோடு அச்சிட வேண்டும். அந்த நிமிடத்தில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் விட்டு, அதே பத்து நிமிடத்தை முடிவில் சேர்த்துத் தர வேண்டும். இதை எழுத்தில் வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்றால், ஓர் அறையில் அனுமதிப்பார்கள், பக்கத்து அறையில் மறுப்பார்கள். பிறகு வரும் முறையீடுகளுக்குப் பதில் சொல்லித் தேர்வுத் துறை அலுத்துப்போகும்.

ப்ராக்டிகல் வகுப்புகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூன்று மணி நேரம் நின்றபடி செய்யும் வேதியியல் ஆய்வகம் பிற்பகல் அணிக்கு விழுந்தால், ஒரு மாதத்துக்குக் காலை அணியோடு இடம் மாற்றிக்கொள்ள அனுமதித்தால் போதும். துறைக்கு ஒரு காசு செலவில்லை. உடலியங்கியல் ஆய்வகத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்துச் செய்யும் சோதனையும், உணவு அறிவியலில் சுவை மதிப்பீடும் நோன்போடு ஒத்துப்போகாது. அங்கே அந்த மாணவரை அளவுகளைப் பதிவு செய்பவராகவோ தரவைப் பகுப்பவராகவோ வைத்து, அதே மதிப்பெண்ணைக் கொடுக்கலாம். இதைச் செமஸ்டர் தொடக்கத்திலேயே ஆய்வகக் கையேட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டால், எல்லோர் முன்னிலும் கை தூக்கிக் கேட்க வேண்டிய சங்கடம் மாணவருக்கு வராது.

இனி மாணவர்களுக்கு. உதவி கேட்பவர்களில் பலர், "சார், நோன்பு மாதம், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வகுப்பு முடிந்ததும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதில் ஆசிரியர் முடிவெடுக்க எதுவுமே இல்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே, எழுத்தில், ஒரே ஒரு மோதலையும் அதற்கு உங்கள் தீர்வையும் சொல்லுங்கள். இந்த அளவு போதும்:

"அம்மா, புள்ளியியல் இரண்டாம் தேர்வு 14ஆம் தேதி மாலை 5 முதல் 7 வரை என உள்ளது. அது நோன்பு மாதம். அன்று அஸ்தமனம் 6.12. அதே தாளைக் காலை 10 மணிக்கு எழுதும் ஆ பிரிவினருடன் நானும் எழுத அனுமதிக்க முடியுமா? இயலாவிட்டால் 6.12க்குப் பத்து நிமிட இடைவேளையும், முடிவில் அதே பத்து நிமிடமும் கிடைத்தால் போதும். 3ஆம் தேதிக்குள் தெரிந்தால் மற்றத் தாள்களைத் திட்டமிட உதவியாக இருக்கும்."

நகல் உங்கள் ஆலோசகருக்கும் போகட்டும். ஐந்து வேலை நாளில் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே நினைவூட்டுங்கள். புதிதாக ஒன்று எழுதினால் முந்தைய தேதி மறைந்துபோகும். மேலே உள்ள மாதிரி மின்னஞ்சலில் "நான் நோன்பிருப்பேன்" என்று இல்லாமல் "நோன்பு மாதம்" என்று மட்டும் இருப்பதையும் கவனியுங்கள். மாதவிடாயில் இருப்பவர் நோன்பிருப்பதில்லை, நோயிலோ பயணத்திலோ இருப்பவர் நோன்பை விடலாம்; விட்டதைப் பின்னர் ஈடுசெய்வார்கள். அன்று நோன்பா இல்லையா என்பது ஆசிரியர் அறிய வேண்டிய செய்தி அல்ல. "இன்று நோன்பிருக்கிறீர்களா?" என்று கேட்கும் எந்தப் படிவமும் ஒரு மாணவியைப் பொய் சொல்ல வைக்கும், அல்லது அவருடைய உடல்நிலையை வெளியே சொல்ல வைக்கும். அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று துறைத் தலைவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம்.

படிக்கும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நேரம் குறையும் மாதத்தில் குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டுவது வீண். 2006இல் வெளியான ஒரு சோதனையில், ஒரு பகுதியை இரண்டாம் முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 விழுக்காடு நினைவிருந்தது. படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மட்டும் திரும்பப் படித்தவர்கள் சற்று முந்தினார்கள். புரட்டிப் படித்த இரவில் எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றி, தேர்வில் கைவிடுவது இதனால்தான். காலையில் வெற்றுத்தாளில் இருபத்தைந்து நிமிடம் எழுதிப் பாருங்கள், பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு விட்டதைச் சிவப்பில் குறியுங்கள். பிற்பகலுக்கு மேற்கோள் பட்டியலைச் சரிசெய்வது, தரவை அட்டவணையில் ஏற்றுவது போன்ற கைவேலைகளை விடுங்கள். லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பின் இருபது நிமிடம் கண்ணயரலாம். முக்கால் மணி நேரம் தூங்கினால் எழுந்த பின்னும் சற்று நேரம் மந்தமாக இருக்கலாம்.

காபி குடிப்பவர்கள் முதல் நோன்பன்று திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கிவிடும், ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கலாம். அதைப் பசித் தலைவலி என்று நினைத்துப் பலர் சஹரில் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள், பலன் இருப்பதில்லை. ஒரு வாரம் முன்பிருந்தே பகல் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குக் குடித்த காபியில் பாதியளவு காஃபீன் இரண்டு மணிக்கும் உடலில் இருக்கும் என்பதால், நோன்பு திறந்த உடனேயே ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சர்க்கரை நோயுள்ள மாணவர்கள் ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பிருக்கலாமா, மருந்தின் அளவும் நேரமும் எப்படி மாறும் என்று எழுதி வாங்க வேண்டும். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் நோன்பை உடனே முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அதற்குப் பயந்து பார்க்காமல் இருப்பது ஆபத்து. குளுக்கோஸ் மாத்திரையையும் சோதனைக் கருவியையும் தேர்வு அறைக்குள் எடுத்துச்செல்லும் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள், அறைத்தோழருக்கும் சொல்லி வையுங்கள்.

வாய்ப்புகளைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் வரும் ஆண்டுகளில் ரமலான் விழுவது விண்ணப்பக் கெடுக்கள் வரும் ஜனவரி, பிப்ரவரியை ஒட்டித்தான். கோடைக்கால ஆய்வுப் பயிற்சிகள் பலவற்றின் கெடு ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் முதுநிலைப் படிப்புகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பம் வாங்குகின்றன. ஏன் விண்ணப்பிக்கிறீர்கள் என்று சொல்லும் நோக்க அறிக்கையின் முதல் இரண்டு வரைவுகளை நோன்புக்கு முந்தைய மாதமே முடித்து, நோன்பில் திருத்தம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியருக்கு நான்கு வாரம் கொடுங்கள். அவரிடம் எந்தப் பாடம் எந்த ஆண்டு படித்தீர்கள், என்ன மதிப்பெண், என்ன ப்ராஜெக்ட், மதிப்பெண் பட்டியல், நோக்க அறிக்கை வரைவு, கெடுத் தேதி எல்லாம் ஒரே மின்னஞ்சலில் போகட்டும். கெடு எந்த நாட்டு நேரப்படி என்பதைப் பாருங்கள். நள்ளிரவு என்று போட்டிருப்பது அங்குள்ள நள்ளிரவாக இருக்கும். ஆன்லைன் நேர்காணலுக்கு நேரம் கேட்டால் காலையில் இரண்டு நேரங்களைச் சொல்லுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. இன்டர்ன்ஷிப் நிறுவனங்களை அழைத்து அறிமுகக் கூட்டம் நடத்தும் வேலைவாய்ப்புப் பிரிவினர், இந்த மாதத்தில் அதை மதிய விருந்தாக இல்லாமல் காலை பதினொரு மணிக் கூட்டமாக வைக்கலாம்.

கடைசியாக, கல்வி நாட்காட்டிக் குழுவினருக்கு. ஹிஜ்ரி என்ற இஸ்லாமியச் சந்திர ஆண்டு 354 அல்லது 355 நாள் என்பதால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்து முதல் பன்னிரண்டு நாள் முன்னால் வரும். 2027இல் பிப்ரவரி 8ஐ ஒட்டியும், 2028இல் ஜனவரி 28ஐ ஒட்டியும், 2029இல் ஜனவரி 16ஐ ஒட்டியும் தொடங்கும். 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று என ஒரே ஆண்டில் இரண்டு முறை பிறக்கும். பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாமே தவிர, இவை திடீரென வரும் தேதிகள் அல்ல. பாடப்பதிவு தொடங்கும் முன்பே நாட்காட்டியில் இவற்றைக் குறித்து, பெருநாளாக வரக்கூடிய இரண்டு நாட்களிலும் தேர்வோ அசைன்மென்ட் கெடுவோ வைக்காமல் விட்டால், பிறை தெரிந்த இரவில் அட்டவணையைத் திருத்தி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பும் வேலை தேர்வுத் துறைக்கு இருக்காது.

இப்படிக்கு,
பல்கலைக்கழக மாணவர் கல்வி உதவிப் பணியாளர்கள்