அப்பாவுக்கு, சேப்பல் ஹில்லிலிருந்து

சேப்பல் ஹில், அமெரிக்கா,
ஜனவரி 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய அவா. உங்கள் கடிதம் வந்து பொங்கலும் போய்விட்டது, கோபிக்க வேண்டாம். "அங்கே என்னதான் வேலை?" என்று கேட்டிருந்தீர்கள். மாமாவுக்குச் சொன்னால் புரியாது, கணக்கு வாத்தியாருக்குச் சொல்லலாம்.

பேராசிரியர் ஹென்றி ஃபூக்ஸின் ஆய்வகத்தில் பிக்ஸல்-பிளேன்ஸ் என்று படம் வரையும் கம்ப்யூட்டர் இருக்கிறது. இப்போது ஓடுவது நாலாவது. திரையில் 512க்கு 512 புள்ளிகள். புள்ளி ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு குட்டி பிராசஸர், 72 பிட் மெமரி (பிட் என்றால் 0 அல்லது 1, ஒரே ஒரு இலக்கம்). தனியாகப் பார்த்தால் சரியான மந்தம், ஒரு தடவைக்கு ஒரு பிட்டைத்தான் கூட்டும். ஆனால் இரண்டரை லட்சமும் சேர்ந்து கூட்டுகின்றனவே! படத்தை முக்கோணம் முக்கோணமாகத்தான் வரைகிறது. முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று எண்களை அனுப்பினால் போதும். சிப்புக்குள் மரம்போல் கிளைவிட்ட கூட்டல் சர்க்யூட்டுகள் ஏஎக்ஸ் + பிஒய் + சி மதிப்பை எல்லாப் புள்ளிக்கும் ஒரே சமயத்தில் கொடுத்துவிடும். நீங்கள் பத்தாம் வகுப்புக்கு நடத்தும் அதே நேர்கோடுதான். மைனஸ் வந்த புள்ளி வெளியே. மூன்று பக்கமும் முடிந்து மிஞ்சுவது முக்கோணம். எது முன்னால், எது பின்னால் என்பதற்கும் இதே கணக்கு. தன் மெமரியில் இருக்கும் பழைய ஆழத்தோடு ஒப்பிட்டுப் புள்ளியே முடிவு செய்துகொள்ளும்.

சின்ன முக்கோணம் என்றால் பத்துப் புள்ளிக்குத்தான் வேலை, மற்றதெல்லாம் தண்டச்சோறு. அதனால் ஐந்தாவதில் 128க்கு 128 என்று சின்னத் துண்டுகளாக்கி, வேலை இருக்கும் இடத்துக்கு அனுப்பப் போகிறார்கள். அதற்கான சோதனை புரோகிராம்களில் கொஞ்சம் என் பங்கு.

பனி கொட்டிக் கடையெல்லாம் மூடினார்கள். கீழ்வீட்டுக் கிழவர் மட்டும் அரை டிராயரோடு பனியை வாரிக்கொண்டு, "உங்கள் ஊரில் எவ்வளவு விழும்?" என்கிறார். தினமும் இதே கேள்வி.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. டின் தக்காளியில் ரசம். அம்மா கொடுத்த பொடியை அளந்துதான் போடுகிறேன். ராத்திரி நூலகத்தில் புத்தகம் அடுக்கப் போகிறேன், சும்மா பொழுதுபோக்குக்கு. இங்கே ராத்திரி பத்து என்றால் அங்கே காலை எட்டரை. நீங்கள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள், அம்மா டிபன் டப்பாவோடு வாசலுக்கு வருவாள். தினமும் அந்த நேரத்துக்குக் கை ஓடுவதில்லை அப்பா.

அது கிடக்கட்டும். மதுரை வரனைச் சித்தப்பா பேச்சை நம்பி முடித்துவிடாதீர்கள், பெரியத்தையை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். தங்கச்சி பி.எஸ்சி. முடிக்கட்டும். மேட்டு நிலத்தை அடகு வைக்கவே கூடாது. பணத்துக்கான பேங்க் டிராஃப்ட் இந்த மாதம் கொஞ்சம் தாமதமாகும், வேறொன்றுமில்லை. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டினார்களா, எழுதுங்கள்.

அன்பு மகன்