அடிஸ் அபாபாவிலிருந்து டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். லூசியை, ஆதி மனித இனத்து அந்த எலும்புக்கூட்டை, பார்த்துவிட்டேன். அதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

வாஷிங்டனிலிருந்து இரவெல்லாம் பறந்து எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் இறங்கியபோது இங்கே காலை. என் உடம்புக்கோ நடுநிசி. ஊட்டியைவிடச் சற்று உயரமான ஊர், சுமார் 2,350 மீட்டர். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. படுத்தால் ராத்திரித் தூக்கம் கெட்டுவிடும் என்று குளித்த கையோடு தேசிய அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினேன். விடுதி வரவேற்பில் இருந்த பெண், "மூன்று மணிக்கு வண்டி வரும்" என்றார். இங்கே பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுகிறார்கள்; நம் காலை ஒன்பது இவர்களுக்கு மூன்று. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபட்டிருக்கும்.

அருங்காட்சியகத்தில் பழைய பேரரசர் ஹைலே செலாசியின் பிரம்மாண்டமான மரச் சிம்மாசனம், அஃபெவொர்க் தெக்லேயின் ஓவியம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. எனக்குக் கால் நிற்கவில்லை. நேரே கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டேன்.

1974 நவம்பர் 24 அன்று அஃபார் பகுதியின் ஹடாரில் அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ஜொஹான்சன் கண்ணில் பட்டவள் லூசி. வயது ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டு. எலும்புக்கூட்டில் சுமார் 40 சதவீதம் கிடைத்தது. இந்த ஊர்க்காரர்கள் அவளை திங்கினேஷ் என்கிறார்கள். பார்வைக்கு இருப்பவை வார்ப்புப் பிரதிகள். அசல் எலும்புகளைத் தனியே பாதுகாப்பாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் ஏமாற்றம் இல்லை. 2007இல் அசலையே அமெரிக்காவுக்கு எடுத்துப் போனபோது, இவ்வளவு நொய்மையான எலும்புகளை அலைக்கழிக்கக் கூடாது என்று பல அறிஞர்கள் எதிர்த்தார்கள். நான் அவர்கள் கட்சி.

ஒரு பிரதி, கிடைத்த எலும்புகளை மட்டும் கிடத்தி வைத்தது. இன்னொன்று, விட்டுப்போனதையும் சேர்த்து நிமிர்த்தி நிறுத்தியது. மூன்றரை அடிதான் இருப்பாள். என் இடுப்புக்குச் சற்று மேலே வருகிறாள். எனக்குக் கண்ணெல்லாம் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிந்தது. ஆனாலும் அந்தத் தொடை எலும்பை விட்டு நகர முடியவில்லை. இடுப்பிலிருந்து நேராக இறங்காமல் முழங்காலை நோக்கி உள்பக்கம் சாய்கிறது. நமக்கும் அப்படித்தான். ஒரு காலைத் தூக்கினால் மறு கால் உடம்பின் எடைக்கு நேர் கீழே வந்து தாங்குவது அந்தச் சாய்வால்தான். சிம்பன்ஸிக்குச் சாய்வு இல்லை. அதனால்தான் இரண்டு காலில் நடக்கும்போது அது பக்கவாட்டில் ஆடுகிறது. இடுப்பெலும்பும் நம்முடையதைப் போலக் குட்டையாக, அகன்று இருக்கிறது. ஆனால் அவள் இனத்தின் மூளையோ நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குதான்.

பத்தாம் வகுப்பில், குரங்கிலிருந்து மனிதன்வரை வரிசையாக நடந்து வரும் படத்தை நீங்கள் கரும்பலகையில் போட்டு, உடனே அழித்தீர்கள். "புத்தி வந்து எழுந்து நிற்கவில்லை. நின்றது முதலில், மூளை பெருத்தது ரொம்பப் பின்னால்" என்றீர்கள். பரீட்சைக்கு எழுதிய அந்தப் பதிலை இன்றைக்கு எலும்பில் பார்த்தேன் டீச்சர்.

செலாமையும் சொல்லியாக வேண்டும். லூசியின் இனத்தைச் சேர்ந்த மூன்று வயதுக் குழந்தை, 33 லட்சம் ஆண்டுக்கு முந்தியது. 2000இல் அதே அஃபார் பகுதியின் டிகிகாவில் அதைக் கண்டெடுத்த குழுவின் தலைவர் ஸெரெசெனாய் அலெம்செகெட், இந்த நாட்டுக்காரர். இறுகிப்போன மணற்பாறையிலிருந்து எலும்புகளைத் துளித் துளியாகச் சுரண்டிப் பிரிக்கவே பல ஆண்டுகள் ஆயின. கால் நடப்பதற்கு வாகாக இருக்க, தோள்பட்டை எலும்பு கொரில்லாவை ஒத்திருந்தது. ஆக, நடக்கவும் செய்தார்கள், மரமும் ஏறியிருக்கக்கூடும். லூசியே மரத்திலிருந்து விழுந்துதான் இறந்தாள் என்று 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. ஜொஹான்சன் அதை ஏற்கவில்லை.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ட்யூஷன் பிள்ளைகளுக்கு மண்டையோட்டை முதலில் காட்டிவிடாதீர்கள். தொடை எலும்பைக் காட்டி, இது நடந்த காலா, மரமேறிய காலா என்று கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி