போனை எடு பாப்பா

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. 2024 டிசம்பர்.

விழுப்புரத்துக்கு வெள்ள நிவாரண வேலைக்குப் போனதிலிருந்து போன் பண்ணினால் எடுப்பதில்லை, எடுத்தாலும் "நல்லா இருக்கேன்ப்பா, வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. சரி, எழுதினால் ராத்திரி படுக்கும்போதாவது பார்ப்பாய் என்று இதை வாட்ஸப்பில் அடிக்கிறேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கம்பெனியில் இத்தனை நாள் லீவு கொடுப்பார்களா என்று கேள் கேள் என்கிறாள். நான் கேட்கவில்லை.

மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. மற்றதை நேரில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. தண்ணீரில், சேற்றில் செருப்பு இல்லாமல் இறங்காதே. எலிக்காய்ச்சல் வெள்ளத்துக்குப் பிறகு அதிகமாக வரும், காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் மாத்திரை கொடுப்பார்கள், நீயும் போடு, உன்னோடு வந்திருக்கிற பிள்ளைகளையும் போடச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. ஊருக்கெல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு நீ டீயைக் குடித்துவிட்டுப் படுப்பாய் என்று எனக்குத் தெரியும். கஜா புயல் வந்தபோதும் அதைத்தான் செய்தாய்.

இந்த ஃபெஞ்சல் புயல் நம் கஜா மாதிரி இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை நமக்கு வந்தது காற்று. விடிந்து பார்த்தால் தென்னை எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது, வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் மரத்தின் மேலேயே நடந்து போனோம். உங்களுக்கு வந்தது தண்ணீர். புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி நகராமல் நின்று, மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டி, அது போதாதென்று டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரையில் தூங்கிக்கொண்டிருந்தவன் என்ன செய்வான்? காற்றில் விழுந்த மரத்தை எண்ணலாம், தண்ணீர் கொண்டுபோனதை எண்ண முடியாது. ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட் எல்லாம் போயிருக்கும். எண்ண முடியாததற்கு நிவாரணம் வாங்கித் தருவது கஷ்டம், அதனால் இதைக் கவனமாகப் படி.

அரசாங்கம் அறிவித்திருப்பது கார்டுக்கு 2,000, குடிசைக்கு 10,000, நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, மாடு செத்திருந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000. ஹெக்டேர் என்று கேட்டதும் பெரிதாகத் தெரியும், ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஏழாயிரம்கூட வராது, நடவுக்கும் உரத்துக்குமே காணாது. அதுவும் கணக்கெடுக்க வருகிற அன்றைக்கு ஆள் வயலில் இருந்தால்தான். செத்த மாட்டை நாற்றம் தாங்காமல் புதைத்துவிடுவார்கள், அதற்கு முன்னால் போட்டோ எடுக்கச் சொல், கால்நடை டாக்டரிடம் எழுதி வாங்கச் சொல். பட்டா தாத்தா பேரில் இருக்கும், தாத்தா செத்து இருபது வருஷம் ஆகியிருக்கும். குத்தகைக்குச் செய்கிறவனுக்கு அதுவும் கிடையாது, வி.ஏ.ஓ. எழுதுகிற பயிர்க் கணக்கு, அந்த அடங்கலில் அவன் பேரை எழுதினால்தான் உண்டு. சோறு கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள் பாப்பா, ஒரு மனு எழுதிக்கொடுத்து ஆபீஸ் வாசலில் கூட நிற்க ஆள் வராது. நீ படித்தவள், அதைச் செய்.

நம்மூரில் எப்படி நடந்தது என்று உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் வெளியாள் ஒருவர்கூட வரவில்லை, வரவும் முடியாது, ரோடே இல்லை. மேலத்தெருப் பையன்கள்தான் மரம் அறுக்கிற மிஷினை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து வழி எடுத்தார்கள். கரண்ட் இல்லாமல் குடிக்கத் தண்ணீர் இல்லை, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து மோட்டாரை ஓட்டி டேங்க்கை நிரப்பினோம், அதே ஜெனரேட்டரில் ஊர் முழுக்க செல்போனுக்கு சார்ஜ் போட்டது. அப்புறம் வேன் வேனாக வந்தார்கள், சென்னையிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து, கேரளாவிலிருந்து. அந்த ஜனங்களை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் வந்த வேன் எல்லாம் மெயின் ரோட்டிலேயே காலியாகிவிட்டது. ரோட்டோரத்து வீட்டில் நாலு தார்ப்பாய், உள்ளே காலனியில் ஒன்றுகூட இல்லை. பழைய துணி மூட்டை மூட்டையாக ரோட்டோரம் நனைந்து கிடந்தது. கேட்டது தார்ப்பாய், கொசுவத்தி, மெழுகுவத்தி, பொம்பளைப் பிள்ளைகளுக்கு நாப்கின். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நீதான் அந்தக் கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாய். கைக்குழந்தை உள்ள வீடு, மாசமாக இருக்கிற பெண், சுகர் மாத்திரை தீர்ந்த கிழவி என்று தனித்தனியாக எழுதினாய். வேன்காரர்கள் உன் நோட்டைப் பார்த்துத்தான் உள்ளே வந்தார்கள். "யாருங்க இந்தப் பொண்ணு" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். என் பொண்ணு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தொண்டை அடைத்துவிட்டது.

அந்த நோட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆறு வருஷமாக இந்த வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. நீயும் பேசுவதில்லை.

உன் சித்தப்பா அந்தச் சமயம் எப்படி இருந்தான் என்று நினைத்துப் பார். தோப்பு முழுக்கப் போய்விட்டது. அழவில்லை, கத்தவில்லை. விழுந்த மரத்தை அறுத்துவிட்டால் கணக்கில் வராது என்று எல்லாரும் அப்படியே போட்டு வைத்திருந்தோம், அவன் தினம் காலையில் போய் ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பான். மட்டை காய்ந்து, குருத்து அழுகி, கூன்வண்டு விழுந்து ஒரு புளித்த வாடை வரும், அதில் எப்படித்தான் உட்கார்ந்திருந்தானோ. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று அறிவித்தார்கள். அறுபது வருஷம் காய்க்கிற மரத்துக்கு 1,100. "அரசாங்கம் என்ன பண்ணும் அண்ணே, அதுக்கும் எவ்வளவு மரம்" என்று எனக்கு அவன் சமாதானம் சொன்னான். தார்ப்பாய் கொடுக்கப் போன உன்னிடம் என்ன சொன்னான்? "எனக்கு வேணாம் ஆயி, இல்லாதவங்களுக்குக் கொடு, நான் நல்லா இருக்கேன்." நீ நோட்டில் அவன் பேரை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாய். பதினேழு வயசுப் பிள்ளை வேறென்ன செய்யும்?

அந்த மார்கழியில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை.

ஆனால் அந்த அடித்த பேரைத்தான் நீ தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்று எனக்குத் தெரியும். சித்தி சொன்னாள், நோட்டு இன்னும் உன் பெட்டியில் இருக்கிறதாம். எங்கே புயல் என்றாலும் முதல் பஸ்ஸில் ஏறுகிறாய், போன வருஷம் மிக்ஜாம் வந்தபோது பள்ளிக்கரணையில் நின்றாய், இப்போது விழுப்புரம். போக வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். இது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். அதில் உன் தப்பு எள்ளளவும் இல்லை. கூடப் பிறந்தவனுக்கே தெரியவில்லை, கட்டினவளுக்கே தெரியவில்லை, நோட்டுப் பிடித்த பிள்ளைக்கு எப்படித் தெரியும். உன்னைப் பெற்றவன் சொல்கிறேன், நம்பு.

அதனால் அங்கேயும் கேட்கிறவர்களுக்குக் கொடுத்து முடித்த பிறகு, வரிசைக்கு வராத வீடு எது என்று பார். ஆம்பளைகள் வர மாட்டார்கள், மானம் பார்ப்பார்கள், கொஞ்சம் நிலம் வைத்திருந்து கொடுத்துப் பழகினவன் கை நீட்ட மாட்டான். "வேணாம்" என்று சொல்கிற வீட்டுத் திண்ணையில் பத்து நிமிஷம் உட்கார். நெல் என்ன ரகம் போட்டார், எவ்வளவு கடன், குழுக்கடன் யார் பேரில் என்று பேச்சுக்கொடு. ஒரு வாரம் கழித்து மறுபடி போ. அதற்கு ஒரு மாசம் கழித்தும் யாராவது போக ஏற்பாடு பண்ணு. வேன் எல்லாம் பதினைந்து நாளில் நின்றுவிடும், கடன்காரன் வருவது அப்போதுதான் ஆரம்பிக்கும். நம்மூரில் சுய உதவிக் குழுப் பொம்பளைகளிடம் வாரத் தவணைக்கு ஆள் வந்து நின்றார்கள், மறந்திருக்க மாட்டாய்.

மீண்டு வருவது என்பது வருஷக் கணக்கு. 2019-இல் நம் பேராவூரணிப் பையன்கள் ஒன்று கூடி, காசு திரட்டி, பெரியகுளம் ஏரியைத் தூர் வாரினார்களே, அது நிவாரணம் என்று யாரும் எழுதவில்லை, ஆனால் என்னைக் கேட்டால் கஜாவுக்குப் பிறகு எங்களை நிமிர்த்தினது அதுதான். சித்தி வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் வாங்கி வைத்த தென்னம்பிள்ளைகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. அத்தனை வருஷமும் அவளை நிற்க வைத்தது ஊடுபயிரும், பக்கத்து வீட்டு ஆட்களும்தான். உங்கள் பக்கம் வயலில் ஆற்று மணல் ஏறிக் கிடக்கிறது என்று டிவியில் காட்டினார்கள். அந்த மணலை யார் செலவில் அள்ளுவது என்று இப்போதே கேட்டு வையுங்கள், தை பிறந்துவிட்டால் ஒருவரும் காதில் வாங்க மாட்டார்கள்.

இன்னும் ஒன்று, சொல்லத்தான் வேண்டும். போனில் நீ "நல்லா இருக்கேன்ப்பா" என்று சொல்கிற குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் குரலை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். நீயும் எதுவும் வேண்டும் என்று கேட்காதவள். சின்னப் பிள்ளையிலேயே அப்படித்தான், தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால்கூட தம்பிக்கு எடுங்கள் என்பாய். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இப்போது பயமாக இருக்கிறது பாப்பா. தூக்கம் வருகிறதா? அங்கே பார்த்ததை எல்லாம் யாரிடமாவது சொல்கிறாயா? அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் சித்தியிடம் சொல், அவள் உன் போனுக்காகவே காத்திருக்கிறாள், உன்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதை அவள் வாயாலேயே கேள். டாக்டரிடம் பேச வேண்டும் போல இருந்தால் அதற்கும் போ, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நான் கூட வருகிறேன். வேலை விஷயம் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். விட்டிருந்தாலும் விட்டதுதான், நான் திட்ட மாட்டேன், அம்மாவையும் திட்டவிட மாட்டேன்.

உன் கணக்கில் ஐயாயிரம் போட்டிருக்கிறேன், உன் சாப்பாட்டுக்கு. அதில் யாருக்கும் பாய் வாங்கிக் கொடுக்காதே, அதற்குத் தனியாக ஊரில் வசூல் பண்ணி வைத்திருக்கிறோம், தார்ப்பாய் எவ்வளவு வேண்டும், எந்த ஊர், வண்டி உள்ளே வருமா என்று எழுது, பையன்கள் சனிக்கிழமை ராத்திரியே கிளம்பத் தயாராக இருக்கிறார்கள். நானும் வண்டியில் வருகிறேன். வர வேண்டாம் என்று சொல்லாதே.

இதைப் படித்ததும் எத்தனை மணியானாலும் கூப்பிடு. செருப்பைப் போட்டுக்கொள்.

அப்பா